மஞ்சள் பந்தும் நாலு பேரும்

கேள்வி: அமெரிக்காவில், மூடிய அறைக்குள் சுவரில் பந்தடிக்கும் ராக்கெட்பால் ஆட்டத்தைச் சின்ன வயதில் தொடங்கி அறுபது வயதிலும் போட்டியாக ஆடும் பெண்கள் இருக்கிறார்களாமே. நம் ஊரில் அப்படி ஒரே ஆட்டத்தை விடாமல் ஆடிய பெண்கள் உண்டா? எப்படி முடிகிறது?

உண்டு. நானே ஆடுகிறேன். ஆட்டம் பூப்பந்து, ஊர் கன்னியாகுமரி மாவட்டம், வயது அறுபது. "விடாமல்" என்று கேட்டிருக்கிறீர்களே, அந்த இடத்தில்தான் கொஞ்சம் இடிக்கிறது. நான் இரண்டு முறை விட்டிருக்கிறேன். அதில் ஒரு முறை ஒன்பது வருஷம்.

பூப்பந்து என்றதும் பாதிப் பேர் ஷட்டில் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இந்தக் குழப்பத்தால் எனக்கு ஒரு வேலையே போனது, அதைப் பிறகு சொல்கிறேன். ஷட்டில் இறகால் ஆனது, ஐந்து கிராம்தான் இருக்கும். பூப்பந்து மஞ்சள் கம்பளி நூலால் ஆன உருண்டைப் பந்து, 27 முதல் 30 கிராம் வரை. கோர்ட் 24 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம். ஷட்டில் கோர்ட்டைப் போல மூன்றரை மடங்கு பரப்பு. அதனால்தான் ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர் நிற்கிறோம். முன்னால் இருவர், நடுவில் ஒருத்தி, பின்னால் இருவர். பந்து தரையைத் தொடக் கூடாது. தஞ்சாவூர் அரச குடும்பத்தார் 1856 வாக்கிலேயே ஆடிய ஆட்டம் என்பார்கள். அகில இந்திய சம்மேளனம் 1954-ல் வந்தது, முதல் தேசியப் போட்டி 1956-ல் ஹைதராபாத்தில் நடந்தது. இதற்கு அர்ஜுனா விருதுகூடக் கொடுத்திருக்கிறார்கள். 1970-ல் முதலில் வாங்கியவர் ஆந்திராவின் பிச்சையா. இவ்வளவு இருந்தும் "அது என்ன ஆட்டம்?" என்று கேட்கிறார்கள். சரி, போகட்டும்.

நான் தொடங்கியது 1977-ல், ஏழாம் வகுப்பில். திருவட்டாறு பக்கம் எங்கள் ஊர். அப்பா ரப்பர் பால் வெட்டப் போவார். சர்ச்சுக்குப் பக்கத்து மைதானத்தில் பெரிய அக்காமார் ஆடுவார்கள், நான் பந்து பொறுக்கிக் கொடுப்பேன். கமுகுத் தடி இரண்டு நட்டு, மீன் கொண்டுவரும் பாட்டியிடம் சொல்லி வாங்கிய பழைய வலையைக் கட்டியிருந்தோம். அதில் அங்கங்கே கிழிசல். பந்து மேலே போனதா, கிழிசலுக்குள் புகுந்து போனதா என்பதில் ஆட்டத்தைவிடச் சண்டைதான் அதிகம். ஒரு நாள் ஒரு அக்காவுக்குக் காய்ச்சல், ஆள் குறைந்தது. "மக்ளே, நீ வந்து பின்னால நில்லு, பந்து வந்தா மட்டும் அடி" என்றார்கள். பந்து வரவும் செய்தது. அடித்தேன், வலைக்கு மேலே போனது, கிழிசலுக்குள் இல்லை.

கல்லூரிக்கு 1983-ல் நாகர்கோவில் வந்தேன். அப்போது மரச்சட்ட மட்டைதான். மழை ஈரம் பட்டால் சட்டம் வளைந்துவிடும், அதனால் நாலு மூலையிலும் திருகு வைத்த மரப் பிரஸ்ஸில் மாட்டி வைப்போம். எங்கள் மாவட்டத்தில் வைகாசியில் தொடங்கும் இடவப்பாதி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. மட்டை பிரஸ்ஸுக்குள் இருந்த நேரம்தான் அதிகம். ஆட்ட உடையாக டிவைடட் ஸ்கர்ட் போடச் சொன்னார்கள். அம்மா அதை முட்டிக்குக் கீழே அரை ஜாண் இறக்கித் தைத்துக் கொடுத்தாள். ஓடும்போது காலைத் தட்டும். பஸ் ஏறியதும் ஊக்கு போட்டுத் தூக்கிக்கொள்வேன், வீட்டுக்கு வருவதற்கு முன்னால் கழற்றிவிடுவேன்.

அப்போது நம் மாவட்டக் கல்லூரிகள் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இருந்தன. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990-ல்தான் வந்தது. 1985-ல் பல்கலைக்கழக அணித் தேர்வுக்கு மதுரைக்குப் போனேன். நாகர்கோவிலில் இருந்து திருநெல்வேலிக்கு ரயில் விட்டு நாலு வருஷம்தான் ஆகியிருந்தது, எனக்கு அதுதான் முதல் ரயில் பயணம். அணியில் எடுத்தார்கள், ரிசர்வ் ஆளாக. அந்தச் சுற்று முழுக்க நான் மட்டையைத் தொட்டது பயிற்சியில் மட்டும்தான். அந்தச் சான்றிதழ் இன்னும் பீரோவில் இருக்கிறது.

அதைத்தான் ஒரு அலுவலகத்துக்கு விளையாட்டு ஒதுக்கீட்டு நேர்காணலுக்குக் கொண்டுபோனேன். எந்த அலுவலகம் என்று சொல்லவில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பார்த்துவிட்டு, "ஷட்டில் சர்டிபிகேட் கொண்டுவரச் சொன்னோம், இது என்ன பந்து?" என்றார். நான் விளக்கினேன். கம்பளி, மஞ்சள், ஐந்து பேர் எல்லாம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே தாளைத் திருப்பித் தந்தார். வேலை கிடைக்கவில்லை என்பதைவிட, அங்கே நின்று பந்தின் எடையைச் சொல்லிக்கொண்டிருந்தேனே, அதுதான் இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

1988-ல் கல்யாணம், குளச்சல் பக்கம். அவர் சவுதியில். இரண்டு பெண் பிள்ளைகள். மட்டை பரணில் ஏறியது, கரையான் தின்றது. யாரும் ஆடாதே என்று சொல்லவில்லை. ஆடு என்று சொல்லவும் ஆள் இல்லை. அவ்வளவுதான் அந்த ஒன்பது வருஷம்.

1997-ல், நான் சத்துணவு அமைப்பாளராக வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம் ஆன பிறகு, ஊர் கிளப் ஆண்டு விழாவுக்குப் பெண்கள் ஆட்டம் ஒன்று வைக்கணும் என்று பேச்சு வந்தது. பள்ளிப் பி.டி. சாருக்கு என் கதை எப்படியோ தெரிந்திருக்கிறது. நான் வரேன் என்றேன், மீதி நாலு பேரைத் தேட வேண்டியிருந்தது. தையல் கடை வைத்திருந்த ஒருத்தி, நர்சரி டீச்சர் ஒருத்தி, ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஒருத்தி, கடலோரக் கொட்டில்பாட்டில் இருந்து வந்த ஒருத்தி. மூன்று பேர் பள்ளியில் ஆடியவர்கள். கொட்டில்பாட்டுக்காரி அதுவரை மட்டையே பிடித்ததில்லை, ஆனால் வலை இழுத்த தோள். இரண்டே மாதத்தில் பின்வரிசையில் இருந்து எதிர்ப்பக்கக் கடைசிக் கோட்டுக்கு அடித்தாள்.

அன்றிலிருந்து வாரம் நாலு நாள், காலை ஐந்தரை மணி. உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். வைராக்கியம், மனவுறுதி என்று எழுதத்தான் ஆசை. உண்மையில், நான் போகாவிட்டால் அங்கே நாலு பேர் வெறுமனே நிற்பார்கள். எனக்குத் தூக்கம் கலையவில்லை என்றால் தையல்காரி கேட்டைத் தட்டுவாள். அவளுக்கு வர மனசில்லை என்றால் நான் போய்த் தட்டுவேன். என் தங்கை மகள் டெக்சாஸில் இருக்கிறாள், ஒரு நாள் வீடியோ காலில் ராக்கெட்பால் அறையைக் காட்டினாள். 40 அடி நீளம், 20 அடி அகலம், 20 அடி உயரம், நாலு பக்கமும் சுவர், மேலே கூரை. ஒருத்தி தனியாக நின்று சுவரில் அடித்துக்கொண்டிருந்தாள், பந்து திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. எங்களுக்குப் பந்து திரும்பி வர வேண்டும் என்றால் வலைக்கு அந்தப் பக்கம் யாராவது வேண்டும்.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வெட்டவெளி ஆட்டம் இது. ஆனி ஆடியில் தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கம் போட்டி வைத்தால் வெளியூர் அணிகள் திணறும். கணவாய்க் காற்று முதுகில் அடிக்கும்போது சர்வீஸ் போட்டால் பந்து கோட்டைத் தாண்டிப் போகும், முகத்தில் அடித்தால் வலையைக்கூடத் தொடாது. காற்றுக்கு எதிராக நாங்கள் பந்தை வெட்டிப் போடுவோம். கம்பளி நூல் மட்டையின் நரம்பைக் கவ்வும், அதனால் மணிக்கட்டைக் கடைசி நொடியில் உள்ளே திருப்பினால் பந்து சுழன்று, எதிராளி மட்டையை நீட்டும் நேரத்தில் அரை அடி விலகும். இதைச் சொல்லிக் கொடுக்க முடியாது, கூட நின்று பார்க்க வேண்டும். அப்புறம் மழையில் பந்து நனைந்தால் ஈரத் துணியை அடிப்பது போல இருக்கும், அன்று ஆட்டம் முடிந்தது.

இரண்டாவது முறை நாங்கள் விட்டது 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு. கொட்டில்பாட்டில் என்ன நடந்தது என்று இந்த மாவட்டத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கடல் ஒரு பக்கம், ஏ.வி.எம். கால்வாய் மறு பக்கம். எங்கள் தோழி தப்பித்தாள், அவள் வீட்டில் எல்லோரும் தப்பிக்கவில்லை. யாரும் மட்டையைப் பற்றிப் பேசவே இல்லை. நாங்கள் அவளைப் பார்க்கப் போவோம், உட்கார்ந்திருப்போம், சாயா குடிப்போம், வந்துவிடுவோம். அடுத்த வருஷக் கடைசியில் ஒரு நாள் அவளே என் வீட்டு வாசலுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்: "எக்கா, அந்த நெட்ட எங்க வச்சிருக்கிய?" எடுத்துக் கொடுத்தேன். மடிப்பெல்லாம் பூஞ்சை. இரண்டு பேருமாகக் கிணற்றடியில் போட்டு அலசினோம்.

நாற்பத்தொன்பதாம் வயதில் என் வலது முட்டி போனது. டாக்டர் ஓடாதே என்றார், ஆடாதே என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதுவரை பின்வரிசையில் நின்றவள் முன்வரிசைக்கு வந்தேன். முன்னால் ஓட்டம் குறைவு, ஆனால் பந்து கண்ணுக்கு நேரே வரும், யோசிக்க நேரம் இருக்காது. முதல் ஆறு மாதம் நெற்றியிலும் தோளிலும் நிறைய வாங்கினேன். பின்னால் நிற்கும்போது என்னமோ நான்தான் அணியைத் தாங்குகிறேன் என்று நினைத்திருந்தேன். முன்னால் வந்த பிறகுதான், எனக்கு எளிதாக வந்த பந்துகள் எல்லாம் எப்படி எளிதாகின என்று தெரிந்தது.

எங்கள் ஐவரில் இப்போது மூன்று பேர் மிச்சம். நர்சரி டீச்சர் மகனோடு சென்னைக்குப் போய்விட்டாள், ஆஸ்பத்திரிக்காரி இறந்து நாலு வருஷம் ஆகிறது. அந்த இரண்டு இடத்துக்குக் கல்லூரிப் பெண்கள் இருவர் வருகிறார்கள். நான் ஆடத் தொடங்கியபோது ஒரு செட் 29 பாயின்ட், இப்போது 35. வயது ஏற ஏறப் பாயின்ட்டும் ஏறுகிறதே என்று தையல்காரி புலம்புவாள்.

போன மாதம் நாகர்கோவிலில் ஒரு திறந்தநிலைப் போட்டி. மூத்தோர் பிரிவு கிடையாது, இருபது வயதுப் பெண்களோடுதான் ஆடினோம். முதல் செட் 35-31 என்று தோற்றோம், இரண்டாவதும் போனது. நடுவில் ஒரு பந்து என் இடது பக்கம் தாழ வந்தது, நான் குனியவே இல்லை, பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் இருந்து கொட்டில்பாட்டுக்காரி கத்தினாள்: "எக்கா, பந்த விட்டுட்டு எங்க பாத்துட்டு நிக்கிய?" மைதானமே சிரித்தது. அடுத்த பந்தும் அங்கேயே வந்தது. அதை எடுத்தேன்.