செராமிக்னா டைல்ஸ் மட்டும் இல்லண்ணா

பாலக்கோட்டுல இருந்து போன வாரம் போன் பண்ணீங்களே அண்ணா, பொண்ணு செராமிக் டெக்னாலஜி கேக்குறா, அது டைல்ஸும் கப்பும் செய்யுற படிப்பு தானே, அதுக்கா இவ்ளோ மார்க் எடுத்தானு. அன்னைக்கு நின்னு பேச முடியல, அதான் இப்ப எழுதுறேன்.

பாப்பா அயர்ன் பாஸ்பேட் செராமிக்னு எதையோ படிச்சிட்டு வந்து சொன்னாளாமே, அவ சொன்னது நல்ல விஷயம் தான். பல் டாக்டர் ஒரு பவுடரையும் ஆசிட்டையும் குழைச்சு சிமெண்ட் வெப்பாங்க பாருங்க, கொஞ்ச நேரத்துல கல்லாயிடும், அது ஜிங்க் பாஸ்பேட். அதே கணக்கு தான் இது, ஜிங்குக்கு பதிலா இரும்பு ஆக்சைடு, பாஸ்பாரிக் ஆசிட்ல கலந்தா சூளையே இல்லாம இறுகிடும். ஆனா துரு கலர்ல இருக்குற ஹெமடைட்ங்கிற இரும்பு ஆக்சைடு ஆசிட்ல லேசுல கரையாது, அதனால கொஞ்சம் இரும்புத் தூள் போடுவாங்க, அது ஹெமடைட்டை ரெடியூஸ் பண்ணி, அதாவது எலக்ட்ரான் குடுத்து, கரைய வெச்சிடும். பாப்பா ஸ்கூல்ல படிச்ச ரெடாக்ஸ் தான், கேட்டுப் பாருங்க, அவளே போர்டுல எழுதிக் காட்டுவா. அலுமினா ஆலைங்கள்ல மலையா குவியுற சிவப்பு சேத்துலயும் இரும்பு ஆக்சைடு நிறைய இருக்கு, அதையும் இப்படி கல்லாக்கலாம். 1990கள்ல அமெரிக்காவோட ஆர்கோன் நேஷனல் லேப்ல மேக்னீஷியாவும் (மெக்னீசியம் ஆக்சைடு) பாஸ்பேட்டும் சேத்து அணுக்கழிவை கசிய விடாம கட்டி வெக்க வழி கண்டுபுடிச்சாங்க, அந்த மேக்னீஷியா நம்ம சேலம் மேக்னசைட்டை சுட்டாலே கிடைக்கும்.

சரி வேலை? உள்ளத சொல்லிடுறேன், அயர்ன் பாஸ்பேட் செராமிக்னு பேர் போட்ட வேலை ஓசூர்ல தேடுனா கிடைக்காது. ஆனா பெயிண்ட் அடிக்க முன்னாடி வண்டி பாகத்துக்கு பாஸ்பேட்டிங் பண்றாங்களே, துரு புடிக்காம இருக்க, அது இதே கெமிஸ்ட்ரி தான். எலக்ட்ரிக் வண்டியில வர்ற எல்எஃப்பி பேட்டரியில இருக்குறதும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் தான், சேலத்து பக்கம் உலைக்கு செங்கல் பண்ற ரிஃப்ராக்டரி கம்பெனிங்களுக்கும் செராமிக் படிச்ச ஆள் வேணும்.

கிண்டி ஏசி டெக்ல (அண்ணா யுனிவர்சிட்டியோட அழகப்பா டெக்னாலஜி காலேஜ்) பிடெக் செராமிக் இருக்கு, கிடைச்சா தயங்காம சேத்துடுங்க. அடுத்து காரைக்குடி சிக்ரியில (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) பிடெக் கெமிக்கல் அண்ட் எலக்ட்ரோகெமிக்கல், பேட்டரி பக்கம் போக அது ரொம்பவே நல்லது. டிப்ளமோ போதும்னா விருத்தாசலம் செராமிக் பாலிடெக்னிக். பாப்பா ஆறாவதுல இருந்து கவர்மெண்ட் ஸ்கூல்னா 7.5 சதவீத ஒதுக்கீட்டுல கட்டணத்தை அரசே கட்டிடும், அதை மட்டும் விட்டுடாதீங்க. ஞாயித்துக்கிழமை அவளையும் கூட்டிட்டு தர்மபுரி வாங்க, இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு காலேஜ் சாய்ஸ் லிஸ்ட்டை அவளே போடட்டும், நான் பக்கத்துல உக்காந்து பாக்குறேன்.