கேள்வி பதில்: திரையைப் போட முன்னம் பிள்ளையைக் கேளுங்கள்

விஞ்ஞானம் படிப்பித்தவன், பிறகு ஆசிரிய ஆலோசகராக மட்டக்களப்பு, அம்பாறைப் பள்ளிக்கூடங்களில் ஏறி இறங்கியவன் நான். வகுப்பறைக் கருவிகளையும் கட்டுருவாக்கவாதத்தையும் (பிள்ளை தன் அறிவைத் தானே கட்டியெழுப்புகிறது என்ற கருத்து) எப்படிச் சேர்ப்பது என்று வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

செங்கலடிப் பக்கம், ஓர் அதிபர்: ஸ்மார்ட் போர்ட் கிடைத்து ஒரு வருஷம். டீச்சர்மார் பாடக்குறிப்பை அதில் போடுகிறார்கள், பிள்ளைகள் கொப்பியில் எழுதுகிறார்கள். இது மாணவர் மையக் கற்பித்தல்தானே?

விலை கூடின கரும்பலகை, சேர். பிள்ளை வெறும் பானையாக வகுப்புக்கு வருவதில்லை என்பதுதான் உளவியலாளர் பியாஜே சொன்னதன் சுருக்கம். ஏதோ ஒரு விளக்கத்தோடுதான் வரும். புதிய விஷயம் அதில் பொருந்தினால் சேர்த்துக்கொள்ளும். பொருந்தாவிட்டால் பழையதைத் திருத்த வேண்டி வரும். அந்தத் திருத்தம் நடக்கிற இடத்தில்தான் கருவிக்கு வேலை.

நானும் இந்தப் பிழையைச் செய்தவன்தான். இதயம் துடிக்கிற அனிமேஷன் ஒன்றைப் போட்டுக் காட்டினேன், பிள்ளைகள் கைதட்டினார்கள். வலது இதயவறையில் இருந்து இரத்தம் எங்கே போகிறது என்று அடுத்த நாள் கேட்டேன். கைதட்டின ஒருவரும் வாய் திறக்கவில்லை.

போர்டுப் பேனையைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு டீச்சர் பின்வாங்கில் போய் இருக்கட்டும். அதில் தொடங்குங்கள்.

களுவாஞ்சிக்குடி, விஞ்ஞான டீச்சர்: செமினாரில் எல்லாம் சொல்கிறார்கள், செய்து காட்டுவதில்லை. ஒரு பாடத்தை எடுத்துச் சொல்லுங்களேன் சேர்.

மின்சுற்றை எடுப்போம் தங்கச்சி. மின்கலத்தில் இருந்து வரும் மின்னோட்டம் குமிழில் செலவாகி, மிச்சம்தான் மற்றப் பக்கத்தால் திரும்பிப் போகிறது என்று கனபேர் நினைத்துக்கொண்டிருப்பார்கள். "இரு பக்கமும் ஒரே அளவு" என்று நீங்கள் எழுதிப் போட்டால் சோதனைக்கு அதை எழுதுவார்கள். மனதில் பழையதே கிடக்கும்.

முதலில் மின்கலம், வயர்த்துண்டு, டோர்ச் குமிழ் மூன்றையும் கையில் கொடுத்து எரிய வைக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் வாய் திறக்காதீர்கள். அது உங்களுக்குத்தான் கஷ்டமாக இருக்கும். பிறகு ஒரு கேள்வி: குமிழுக்கு முன்னால் மின்னோட்டத்தை அளக்கும் ஓர் அம்பியர்மானி, பின்னால் ஒன்று, எதில் வாசிப்புக் கூட? விடையைப் பேனையால் எழுத வேண்டும், அழிக்கக் கூடாது.

மடிக்கணினி இதற்குப் பிறகுதான். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில், நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002 இல் தொடங்கிய 'ஃபெட்' (PhET) சிமுலேஷன்கள், அதாவது கணினியில் செய்து பார்க்கும் பாவனைப் பரிசோதனைகள், இலவசம். மின்சுற்றுக்கு உரியதைத் திறந்து பிள்ளைகளே கட்டட்டும். மின்னோட்டத்தைக் காட்டும் பெட்டியில் இருக்கிற சரி அடையாளத்தை முன்னமே எடுத்துவிடுங்கள். எலத்திரன்கள் ஓடுவது கண்ணில் பட்டால் ஊகிக்க ஒன்றும் மிஞ்சாது. இரண்டு அம்பியர்மானியும் ஒரே எண்ணைக் காட்டும்போது, "மிஸ், இது பிழையாக் காட்டுது!" என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்குத்தான் இவ்வளவு பாடும். உடனே விளக்கப் போகாதீர்கள். "அப்ப செலவாவது என்ன?" என்று மட்டும் கேளுங்கள். சக்தி என்ற சொல் ஒரு பிள்ளையின் வாயில் வரும். வராவிட்டால் நீங்கள் சொல்லலாம், குற்றமில்லை.

வாகரை, ஓர் ஆசிரியர்: இங்கே சிக்னலே இல்லை. இருப்பதோ ஒரு மடிக்கணினி.

அந்தச் சிமுலேஷன்களை டவுனுக்கு வரும் நாளில் இறக்கிப் பென்டிரைவில் கொண்டு போகலாம், இணையம் இல்லாமலே ஓடும். கணினி ஒன்றுதான் என்று கவலைப்படாதீர்கள். ஆளுக்கொன்று கொடுத்தால் வகுப்பு ஊமையாகிவிடும்; ஒன்றைச் சுற்றி நாலு பேர் இருந்தால் வாக்குவாதம் நடக்கும். தெரிந்தவரோடு சேர்ந்து செய்யும்போது பிள்ளை தனியே எட்டாததை எட்டும் என்று உளவியலாளர் வைகொட்ஸ்கி சொன்னாரே, அந்த அண்மை விருத்தி வலயம் இதுதான். மற்றக் குழுக்களுக்கு உண்மையான மின்கலமும் குமிழும். முறை வைத்து மாற்றுங்கள்.

மட்டக்களப்பு நகர், புவியியல் டீச்சர்: எங்கட பாடத்துக்கு?

உங்களுக்குக் கல்லடிப் பாலத்தடியில் வாவியே இருக்கிறது! கோடையில் முகத்துவாரம் மணலால் அடைபடுவதும், மாரி வெள்ளத்துக்கு அதை வெட்டிவிடுவதும் பிள்ளைகள் வீட்டில் கேட்ட கதை. எந்த மாதம் மூடும், எது திறக்கும் என்று முதலில் ஊகிக்கட்டும். வலைக்குப் போகிற மாமா, பெரியப்பாமாரிடம் விசாரித்து வரட்டும். கணினியில் 'கூகுள் எர்த் புரோ'வில் பழைய செய்மதிப் படங்களைத் திகதி வாரியாகப் பின்னுக்கு நகர்த்திப் பார்க்கலாம். பெரியப்பா சொன்னதும் படமும் ஒத்துவராத இடத்தில் நில்லுங்கள். வாவி உப்பாவதும் இறால் வருவதும் அங்கேயிருந்து தானாகப் பிறக்கும் கேள்விகள்.

அக்கரைப்பற்று, தகவல் தொழினுட்ப ஆசிரியர்: கட்டைகளை அடுக்கிப் புரோகிராம் செய்யும் 'ஸ்க்ராச்' படிப்பிக்கிறேன். நான் செய்து காட்டுவதை அச்சொட்டாகப் பார்த்துச் செய்கிறார்கள், அவ்வளவுதான்.

பழுதான புரோகிராமைக் கொடுங்கள் தம்பி. சதுரம் கீற வேண்டிய பூனைக்கு 90 பாகைக்குப் பதில் 80 என்று போட்டுவிட்டு, "இதற்கு என்ன வருத்தம்?" என்று கேளுங்கள். 1967 இல் பிள்ளைகளுக்கான 'லோகோ' புரோகிராம் மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான சீமோர் பேப்பர்ட், பிழை பிடித்துத் திருத்துவதையே படிப்பாகப் பார்த்த மனிதர். ஸ்க்ராச்சும் அந்த வழியில் வந்ததுதான்.

கல்முனை, கணித ஆசிரியர்: 40 நிமிடப் பாடவேளை, முடியாத சிலபஸ். பிள்ளைகளே எல்லாவற்றையும் கண்டுபிடிக்கட்டும் என்று விட முடியுமா?

விடக் கூடாது. வழிகாட்டல் குறைந்த கற்பித்தல் புதிதாகப் படிப்பவருக்குச் சரிவராது என்று கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் என்ற கல்வி ஆய்வாளர் மூவரும் 2006 இல் காரமாகவே எழுதினார்கள். அதற்கு மறுப்பும் வந்தது. என் அனுபவம் நடுவில் நிற்கிறது: சமன்பாடு தீர்க்கும் படிகளைச் செய்து காட்டுங்கள், பிள்ளையின் பிழையான எண்ணம் இடறுகிற இடத்துக்கு மட்டும் தேடலை வையுங்கள். கட்டடத்துக்குச் சாரம் கட்டிப் பிறகு கழற்றுவது போல, உதவியைக் கொடுப்பதும் மெல்ல எடுப்பதும் உங்கள் வேலை. (இந்தச் 'சாரம்' வைகொட்ஸ்கியின் சொல் என்று செமினார்களில் சொல்கிறார்கள். 1976 இல் வூட், புரூனர், ரோஸ் எழுதிய கட்டுரையில் வந்தது அது.) 2007 பாடத்திட்ட மாற்றத்தோடு நமக்கு வந்த ஐந்து 'ஈ' முறையையும் (ஈடுபடுத்தல், தேடல், விளக்கல், விரிவாக்கல், மதிப்பிடல் என்ற ஐந்து படி; ஆங்கிலத்தில் ஐந்தும் 'E' இல் தொடங்கும்) ஒரே பாடவேளைக்குள் திணிக்கத் தேவையில்லை, இரண்டு மூன்று நாளுக்குப் பரப்பலாம்.

சம்மாந்துறை, ஒரு தாய்: மகன் தரம் 5. புலமைப்பரிசில் வீடியோக்களை டெப்பில் பார்த்தபடியே இருக்கிறார். நல்லதா?

பாதியில் நிறுத்தி, "இனி என்ன சொல்லுவாங்க மகன்?" என்று கேளுங்கள். சொன்னால் மிச்சத்தைப் பார்க்கட்டும். முழித்தால் அந்த வீடியோவை மூடிவிட்டு, விளங்காதது எந்த இடம் என்று தாளில் கீறிக் காட்டச் சொல்லுங்கள்.