கழுத்து எக்ஸ்ரேயில் தேய்மானமும் வரிசையும்: கேள்வி பதில்

கேள்வி: மேடம், ரேடியோகிராஃபி இரண்டாம் வருடம் படிக்கிறேன். பக்கவாட்டுப் படத்தில் முதலில் எதைப் பார்ப்பது?

பதில்: எலும்புகளை எண்ணுங்கள். மண்டையோட்டின் அடியில் தொடங்கி சி7 (ஏழாவது, கடைசிக் கழுத்தெலும்பு) முழுதும், அதன் கீழே டி1-இன் (முதல் மார்பு முதுகெலும்பு) மேல் விளிம்பும் தெரிய வேண்டும். தோள் மறைத்து சி6-ஓடு நின்றுபோன படத்துக்கு "நார்மல்" என்று எழுதவே கூடாது. அடிபடாதவர் என்றால் இரண்டு கையிலும் சம எடை கொடுத்து, மூச்சை முழுதும் விடச் சொல்லி எடுங்கள், தோள் இறங்கும். அடிபட்டவரின் கையை இழுக்காதீர்கள், சி.டி.க்கு அனுப்புங்கள். எக்ஸ்ரே டியூபிலிருந்து கேசட் (படம் பதியும் பெட்டி) வரையான தூரம் 180 செ.மீ. இருக்கட்டும். தோள் இடிப்பதால் கழுத்து கேசட்டை ஒட்டி நிற்காது. தூரம் குறைந்தால் எலும்பு பெருத்துத் தெரியும், அளவெல்லாம் பிசகும்.

பிறகு நான்கு கோடுகள்: எலும்பு உடல்பகுதிகளின் முன் ஓரம், பின் ஓரம், லேமினாக்கள் (எலும்பின் பின்புறத் தகடுகள்) சேரும் இடம், பின்னால் நீளும் முள்நீட்சிகளின் நுனி. முதல் மூன்றும் தடங்கலில்லாத வளைவாக ஓட வேண்டும். நுனிக்கோடு பலருக்கு ஒழுங்காக இராது. அதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். பின் ஓரத்தில் வரைந்துகொண்டே வரும்போது பென்சில் எங்கே படி இறங்குகிறதோ, அங்கே நிறுத்தி மில்லிமீட்டரில் அளந்து எழுதுங்கள்.

கேள்வி: ரிப்போர்ட்டில் "லார்டோசிஸ் குறைந்துள்ளது" என்று இருக்கிறது. கழுத்து கோணிவிட்டதா? பயமாக இருக்கிறது.

பதில்: பயப்பட வேண்டாம். கழுத்தின் இயல்பான முன்வளைவு படத்தில் குறைவாகத் தெரிகிறது, அவ்வளவுதான். மோவாயைச் சற்றுத் தாழ்த்தினாலே வளைவு நிமிர்ந்துவிடும். வலியில் தசை இறுகினாலும் அப்படித்தான். வலியே இல்லாத பலருக்கும் கழுத்து நேராகத்தான் இருக்கிறது. சி2, சி7 இரண்டின் கீழ்த்தட்டிலும் (எலும்பு உடல்பகுதியின் அடிப்பரப்பு) கோடு போட்டு இடையிலுள்ள கோணத்தை அளப்பார்கள். வளைவு எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தாலோ, ஒரே மட்டத்தில் மட்டும் வெடுக்கென்று மடிந்திருந்தாலோதான் மேற்கொண்டு பார்க்க வேண்டும்.

கேள்வி: தேய்மானத்துக்கு கிரேடு போடுவது எப்படி?

பதில்: தேய்மானத்தை அளக்கும் கெல்கிரன் அளவுகோலில் 0 (இல்லை) முதல் 4 (கடுமை) வரை. முன்பக்க எலும்பு முள், டிஸ்க் (எலும்புகளுக்கு இடையிலுள்ள மெத்தை) இடைவெளி, எலும்புத் தட்டின் வெண்மை மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதிகம் தேய்வது சி5–சி6, சி6–சி7. இடைவெளியை மேல்மட்டத்தோடு ஒப்பிடுங்கள். ஆனால் கழுத்து சாய்ந்தோ திரும்பியோ எடுத்த படத்தில் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, நல்ல டிஸ்க்கும் குறுகியதாகத் தெரியும். அந்தப் படத்துக்குக் கிரேடு போடாதீர்கள். திரும்ப எடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு இடது கை மரத்துப்போகிறது. எக்ஸ்ரேயில் நரம்பு தெரியுமா?

பதில்: நரம்பு, தண்டுவடம், டிஸ்க் எதுவுமே எக்ஸ்ரேயில் தெரியாது. 45 டிகிரி திருப்பி எடுக்கும் படத்தில் நரம்பு வெளிவரும் துளை தெரியும். முதுகுப்பக்கம் கேசட்டில் சாய்ந்து எடுத்தால், கேசட்டை விட்டு விலகியிருக்கும் பக்கத்துத் துளைதான் விழும். பக்கம் மாறிப்போவது இங்கேதான். சட்டைப் பொத்தான் போடத் தடுமாறினாலோ, நடை தள்ளாடினாலோ, சிறுநீர் கட்டுப்படாவிட்டாலோ எக்ஸ்ரேயோடு நிற்காதீர்கள். உடனே டாக்டரிடம் காட்டி எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும்.

கேள்வி: குனிந்தும் நிமிர்ந்தும் எடுப்பது எதற்கு?

பதில்: எலும்பு நகர்கிறதா என்று பார்க்க. 3.5 மி.மீ.க்கு மேல் வழுக்கினாலோ, பக்கத்து மட்டத்தைவிடக் கோணம் 11 டிகிரிக்கு மேல் கூடினாலோ உறுதியின்மை என்று சந்தேகிக்க வேண்டும். முடக்குவாதம் (ருமட்டாய்டு மூட்டு அழற்சி) உள்ளவருக்குக் குனிந்த படத்தில் சி1-இன் முன்வளைவுக்கும் சி2 பல்நீட்சிக்கும் (சி2-இலிருந்து மேலே நீளும் பல் போன்ற எலும்பு) இடைப்பட்ட தூரத்தையும் அளந்துவிடுங்கள். பெரியவர்களுக்கு 3 மி.மீ.தான் எல்லை. நோயாளி தானாகத்தான் குனிய வேண்டும், யாரும் தலையைப் பிடித்து அழுத்தக் கூடாது.