பகலில் இல்லாத கவலையெல்லாம் படுத்தவுடன் வந்து தூக்கத்தைக் கெடுக்கிறது. என்ன செய்யலாம்?

பகலில் வேலை, பேச்சு, போன் என்று மனத்துக்குத் தீனி கிடைத்துக்கொண்டே இருக்கிறது. விளக்கை அணைத்த பிறகுதான் அது சும்மா இருக்கிறது. ஒத்திப்போட்டதெல்லாம் அப்போது வரிசைகட்டி வரும். ‘யோசிக்காதே’ என்று அதட்டினால் இன்னும் கூடும். அதனால் கவலையை நிறுத்தப் பார்க்காதீர்கள், நேரத்தை மாற்றிக் கொடுங்கள்.

அமெரிக்க உளவியலாளர் தாமஸ் போர்க்கோவெக்கும் அவர் குழுவினரும் 1983-இல் வெளியிட்ட முறை இது: தினமும் அரை மணி நேரம், ஒரே இடத்தில், ஒரே வேளையில், கவலைப்படுவதற்கென்றே உட்காருவது. தொடக்கத்தில் 20 நிமிடமே போதும் என்பேன். படுப்பதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். கட்டில் கூடவே கூடாது. நாற்காலி, மேசை, தாள், பேனா, முடிவைச் சொல்ல ஒரு அலாரம்.

மற்ற நேரத்தில் கவலை எட்டிப் பார்த்தால் ஒரு வரி குறித்துவிட்டு, கையில் இருக்கும் வேலைக்குத் திரும்புங்கள். ‘கடன் தவணை’ என்று இரண்டு சொல் போதும். போனில் குறிக்காதீர்கள். குறிக்கத் திறந்த போன் எங்கே இழுத்துக்கொண்டு போகும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

உட்கார்ந்ததும் ஒவ்வொரு வரியாக எடுத்து, இதில் நான் செய்யக்கூடியது ஏதாவது உண்டா என்று பாருங்கள். இருந்தால் அடுத்த அடியை நேரத்தோடு எழுதுங்கள். ‘கடனை அடைக்க வேண்டும்’ என்பது அடி அல்ல, அது பெருமூச்சு. ‘நாளை 11 மணிக்கு வங்கியில் மீதித் தொகையைக் கேட்பது’ என்பதுதான் அடி. ஒன்றும் செய்ய முடியாதது என்றால், எது நடந்துவிடும் என்று பயப்படுகிறீர்களோ அதை முழு வாக்கியமாக எழுதிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். மூடுபனி மாதிரி இருக்கும் பயம் வாக்கியமானதும் பல சமயம் சுருங்கிவிடும். அலாரம் அடித்தால் பாதியில் இருந்தாலும் எழுந்துவிடுங்கள், மிச்சம் நாளைக்கு.

பலரும் சறுக்குவது நல்ல நாட்களில். ‘இன்று கவலையே இல்லையே’ என்று விட்டுவிடுவார்கள். அன்றும் ஐந்து நிமிடமாவது உட்காருங்கள். ‘அப்புறம் பார்க்கலாம்’ என்ற வாக்கைக் காப்பாற்றுவீர்கள் என்று மனம் நம்பினால்தான் இரவில் விட்டுக்கொடுக்கும். அந்த நம்பிக்கை ஒரே வாரத்தில் வராது, நான்கு வாரம் கொடுத்துப் பாருங்கள்.

அதையும் மீறி இரவில் வந்தால்? ஏறக்குறைய 20 நிமிடம் ஆகியும் தூக்கம் பிடிக்கவில்லை என்று தோன்றினால் எழுந்து வேறு அறைக்குப் போங்கள். கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். மங்கலான வெளிச்சத்தில் சலிப்பான வேலை ஏதாவது செய்துவிட்டு, கண் சொக்கும்போது திரும்புங்கள். விழித்தபடியே புரண்டுகொண்டிருந்தால் படுக்கை என்றாலே கவலை என்று உடம்பு பழகிவிடும். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் எழும் நேரத்தை மாற்றாதீர்கள்.

வாரத்தில் மூன்று இரவாவது தூக்கம் கெட்டு மூன்று மாதம் ஆகிவிட்டாலோ, எதிலும் ஈடுபாடில்லாத சோர்வு இரண்டு வாரம் நீடித்தாலோ மனநல மருத்துவரைப் பாருங்கள். உயிரை விடும் எண்ணம் வந்தால் அன்றைக்கே, யாரையாவது துணைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்பே பரிந்துரைக்கப்படும் பேச்சுவழிச் சிகிச்சை உண்டு. தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று பெயர் சொல்லியே கேளுங்கள்.