வெயிலில் காய்ந்ததெல்லாம் காய்ந்த விதை அல்ல

கேள்வி: ஐயா, வணக்கம். நான் மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். தோட்டத்தில் பல ஆண்டுகள் பால்மரம் வெட்டிவிட்டு, இப்போது மகன் வாங்கிய தாமான் (குடியிருப்பு) வீட்டின் பின்புறத்தில் வெண்டி, கத்தரி, பயற்றங்காய், அவரை போடுகிறேன். விதைகளை வெயிலில் நன்றாகக் காயவைத்து, மைலோ டின்னில் போட்டு, அடுப்புக்கு மேலே உள்ள அலமாரியில் வைப்பது வழக்கம். போன ஆண்டு எடுத்து வைத்த வெண்டி விதையில் முப்பது ஊன்றினேன், மூன்றுதான் முளைத்தது. பயற்றை வண்டு தின்று மாவாக்கிவிட்டது. என் மாமியார் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் இருந்த காலத்திலிருந்து போட்டுவந்த சிவப்பு அவரையில் மீதம் இருப்பது 14 விதைகள். விதையைப் பல ஆண்டுகள் சாகாமல் வைக்க முடியுமா? ஐஸ் பெட்டியில் வைத்தால் செத்துவிடும் என்கிறார்கள், உண்மையா? கறிவேப்பிலைப் பழத்தையும் உலர்த்தி வைக்கலாமா?

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் ‘நன்றாகக் காயவைத்து’ என்று எழுதியிருக்கிறீர்கள். கோளாறு அந்த இடத்தில்தான் இருக்கிறது. நீங்கள் சோம்பல்பட்டுவிட்டீர்கள் என்று சொல்லவில்லை. சுங்கை சிப்புட் வெயிலில் பத்து நாள் கிடந்தாலும் ஒரு விதை பல ஆண்டு தாங்கும் அளவுக்குக் காயாது.

வீட்டில் அப்பளம் பொரித்து மூடாமல் வைத்தால் என்ன ஆகிறது? சாயங்காலத்துக்குள் நமத்துப் போகிறது. விதையும் அப்படித்தான். சுற்றியுள்ள காற்றில் ஈரம் குறைவாக இருந்தால் தன் ஈரத்தை வெளியே விடும். அதிகமாக இருந்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும். நம் ஊரில் வெயில் கொளுத்தும் பிற்பகலிலேயே காற்றின் ஈரப்பதம் 60, 70 சதவீதம் இருக்கும். இரவில் 95ஐத் தொடும். பகலில் முறத்தில் காய்ந்த பயறு, ராத்திரி முழுக்கத் திண்ணையில் இருந்தால் காலையில் பழையபடி 14, 15 சதவீத ஈரத்தோடு உட்கார்ந்திருக்கும். தமிழ்நாட்டில் மாசி, பங்குனிக் காற்றில் பாட்டிமார் விதை காயவைத்தார்கள், பலித்தது. அந்தக் காற்று வேறு, இந்தக் காற்று வேறு. அவர்கள் இங்கே கப்பலேறி வந்தபோது பழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். காற்றைக் கொண்டுவர முடியவில்லையே.

இருந்தும் லயத்து வீடுகளில் விதை பிழைத்தது. எப்படி? விறகடுப்பு. சோளக் கதிரையும் பீர்க்கங்காயையும் அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். நாள் முழுவதும் வறண்ட சூடும் புகையும் மேலே ஏறும். ஈரமும் அண்டாது, வண்டும் அண்டாது. நீங்கள் அந்த இடத்தை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டீர்கள், அடுப்பு மாறிவிட்டது. கேஸ் அடுப்பு எரியும்போது நீராவியும் சேர்ந்து வெளிவரும். அதன் மேல் சோறு வேறு கொதிக்கிறது. இன்றைய வீட்டில் விதை வைக்க மிக மோசமான இடம் அடுப்புக்கு மேலுள்ள அலமாரிதான்.

விதை உயிருள்ளது. ஈரம் கூடினால் வேகமாக மூச்சுவிடும், உள்ளே இருக்கும் சேமிப்பைத் தின்று தீர்க்கும். ஹேரிங்டன் என்ற விதை ஆய்வாளர் சொன்ன கணக்கு ஒன்று உண்டு. விதையின் ஈரத்தை ஒரு சதவீதம் குறைத்தால் அதன் ஆயுள் இரட்டிக்கும். வைக்கும் இடத்தின் வெப்பத்தை 5 டிகிரி செல்சியஸ் குறைத்தாலும் இரட்டிக்கும். இது துல்லியமான சூத்திரம் அல்ல, கைக்கணக்குதான். ஆனாலும் போட்டுப் பாருங்கள்: 13 சதவீத ஈரத்தில் இருக்கும் விதையை 8க்குக் கொண்டுவந்தால் ஐந்து முறை இரட்டிப்பு, அதாவது 32 மடங்கு. ஒரு காசு செலவில்லாமல், குளிரே இல்லாமல் கிடைப்பது இது.

அந்த 8 சதவீதத்துக்கு எப்படிப் போவது? வெயிலில் பாதி வேலையை முடியுங்கள். மீதியைப் போத்தலுக்குள் முடிக்க வேண்டும். காலை பத்து மணிக்குமேல் முறத்தில் பரப்பி, நாலு மணிக்குள் உள்ளே எடுத்து மூடிவிடுங்கள். சிமெண்டுத் தரையிலும் துத்தநாகத் தகட்டிலும் நேரடியாகப் பரப்ப வேண்டாம். உச்சி வெயிலில் அவை 50 டிகிரிக்குமேல் போகும். விதைக்கு 40ஐத் தாண்டவே கூடாது. மூன்று நாள் போதும்.

பிறகு அரிசி. இரண்டு கைப்பிடி அரிசியை வாணலியில் எண்ணெய் இல்லாமல் மெல்லிய தீயில் பொன்னிறம் வரும்வரை வறுங்கள். சூடாகவே ஒரு கண்ணாடிப் போத்தலில் பாதி அளவுக்குக் கொட்டி, இறுக்கமாக மூடி, ஆறவிடுங்கள். திறந்து ஆறவைத்தால் வறுத்ததே வீண். அதற்குள் ஈரத்தை இழுத்துவிடும். முழுக்க ஆறியதும் விதையை மெல்லிய துணியில் முடிந்து அரிசிமேல் வைத்து மறுபடி மூடுங்கள். இரண்டு வாரம் தொடாதீர்கள். வறுத்த அரிசி தாகத்தோடு இருக்கும். விதையின் ஈரத்தை அது குடித்துக்கொள்ளும். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் கிடைத்தால் இன்னும் நல்லது: விதையின் எடைக்குச் சமமாக எடுங்கள், ஒரு வாரம் போதும். பலகாரப் பாக்கெட்டில் வரும் பொட்டலங்களைச் சேர்த்து வைத்திருப்பீர்கள். அவை நம் காற்றில் ஏற்கெனவே வயிறு நிறைந்தவை. அப்படியே போட்டால் பயனில்லை. கேக், நிலா கேக் பாக்கெட்டுகளில் வருவது பெரும்பாலும் இரும்புத்தூள், ஆக்சிஜனை இழுப்பதற்கானது. அது இந்த வேலைக்கு ஆகாது.

காய்ந்ததா என்று எப்படித் தெரியும்? அவரை, பயறு என்றால் நகத்தால் அழுத்துங்கள். தடம் பதிந்தால் ஈரம் இருக்கிறது. தரையில் வைத்துச் சுத்தியலால் தட்டினால் நசுங்கக்கூடாது, தெறித்து உடைய வேண்டும். பூசணி, பீர்க்கு விதை வளைக்கும்போது ‘டக்’கென்று முறிய வேண்டும். இன்னொரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. தூள் உப்பை வாணலியில் சூடாக்கி ஆறவைத்து, ஒரு கரண்டி எடுத்து, சுத்தமான காய்ந்த கண்ணாடிப் போத்தலில் விதையோடு போட்டுக் குலுக்குங்கள். கால் மணி நேரம் கழித்து உப்பு கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் விதை பச்சையாகவே இருக்கிறது என்று பொருள். உதிரியாக ஓடினால் மோசமான ஈரம் போய்விட்டது. அப்போது மீதி விதையை அரிசிப் போத்தலுக்கு அனுப்பலாம். உப்பில் போட்டுச் சோதித்த விதையை ஊன்றுவதற்குச் சேர்க்காதீர்கள்.

ஐஸ் பெட்டி விதையைக் கொல்லாது. ஈர விதையை, ஐஸ் கட்டும் பகுதியான உறைபெட்டியில் வைத்தால்தான் உள்ளே பனிக்கட்டி கட்டிச் செத்துப்போகும். யாரோ அப்படி வைத்துப் பார்த்துவிட்டு உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். நார்வே நாட்டின் ஸ்வால்பார்டில் 2008இல் திறந்த உலக விதைக் களஞ்சியத்தில் விதைகளை வைத்திருப்பது மைனஸ் 18 டிகிரியில். நன்றாக உலர்ந்த விதைக்குக் குளிர் தாலாட்டு மாதிரி. காற்றுப் புகாத கண்ணாடிப் போத்தலில், அடியில் புதிதாக வறுத்த அரிசி முடிச்சோ சிலிக்கா ஜெல்லோ வைத்து, கீழ்த்தட்டின் பின்பக்கத்தில் வையுங்கள். கதவுத் தட்டு வேண்டாம், திறக்கும்போதெல்லாம் சூடாகும். மைலோ டின்னைத் தானியத்துக்கு விட்டுவிடுங்கள், அந்த மூடி காற்றைத் தடுக்காது. பிளாஸ்டிக் பையையும் ஈரம் மெல்ல மெல்ல ஊடுருவும்.

குளிரிலிருந்து எடுக்கும் முறையில் நானே ஒருமுறை கோட்டைவிட்டேன். மழை பெய்துகொண்டிருந்த சாயங்காலம் கத்தரி விதைப் போத்தலை ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்து, அப்படியே திறந்து, ஒரு சிட்டிகை எடுத்துக்கொண்டு மூடி வைத்துவிட்டேன். குளிர்ந்த தண்ணீர் கிளாஸின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல ஒவ்வொரு விதையும் வியர்த்திருக்கும். மூன்று ஆண்டாகச் சேர்த்த விதை ஆறு மாதத்தில் வீண். ஆகவே போத்தலை வெளியே எடுத்து, ஓர் இரவு மூடியபடியே வைத்து, அறையின் சூட்டுக்கு வந்த பிறகுதான் திறக்க வேண்டும். அதைவிடச் சுலபம், ஒரு போகத்துக்கு ஒரு காகிதப் பொட்டலம் என்று சிறிது சிறிதாகப் பிரித்து வைப்பது. பெயர், மாதம், ஆண்டு எல்லாவற்றையும் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை கலைந்துவிடும்.

வெண்டியில் இன்னொன்றும் நடந்திருக்கலாம். காய் பழுப்பேறி, ஓரத்தில் வெடிப்புக் கோடு விழுந்து, ஆட்டினால் சலசலக்கும்போது பறிக்க வேண்டும். அடைமழையில் அதுவரை விட்டால் காய்க்குள்ளேயே பூசணம் பிடிக்கும்; முற்றியதும் காம்போடு வெட்டித் தாழ்வாரத்தில் தொங்கவிடுங்கள். உங்கள் பக்கத்தில் ஜூன், ஜூலை சற்று வறண்டிருக்கும். விதைக்காக விடும் செடியை அந்த மாதங்களில் முற்றும்படி ஊன்றுங்கள். பாக்கெட்டில் எஃப்1 என்று போட்ட கலப்பின விதையிலிருந்து மறுவிதை எடுக்காதீர்கள். தாய்ச் செடி போலவே வராது.

பயற்று வண்டு டின்னுக்குள் புகுந்து வரவில்லை, நீங்கள்தான் கொண்டுபோய் வைத்தீர்கள். தாய் வண்டு கொல்லையிலேயே முற்றிய நெற்றின்மேல் முட்டையிடும். விதையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள்: சுண்ணாம்புப் பொட்டு போல வெள்ளைப் புள்ளி ஒட்டியிருந்தால் அது முட்டை. புழு விதைக்குள் துளைத்துச் சென்று, ஏறக்குறைய ஒரு மாதத்தில் வட்ட ஓட்டை போட்டு வண்டாக வெளியேறும். உலர்ந்த பயற்றைப் போத்தலில் மூடி உறைபெட்டியில் ஒரு வாரம் வைத்தால் முட்டை, புழு எல்லாம் ஒழியும். உலர்த்திய பிறகே உறைபெட்டி. வரிசை மாறினால் பயறு செத்துவிடும். உறைபெட்டி இல்லாதவர்கள் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயைத் தடவி வைக்கலாம்.

எந்த விதை எத்தனை ஆண்டு? வெங்காயம் ஓராண்டைத் தாண்டினாலே சந்தேகம். வெண்டி, மிளகாய், சோளம் இரண்டு. பயறு, அவரை மூன்று. கத்தரி, தக்காளி நான்கு. வெள்ளரி, பூசணி ஐந்து. இவை சாதாரணமாகக் குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைத்தால். நன்றாக உலர்த்திக் குளிரில் வைத்தால் இன்னும் பல ஆண்டு போகும். உங்கள் பழைய அலமாரியில் இதில் பாதிகூடத் தேறாது. இப்போது கைவசமுள்ள விதையை எறிவதற்கு முன் இருபதை எண்ணி ஈரத்துணியில் சுற்றி ஒரு வாரம் வையுங்கள்; கத்தரி, மிளகாய்க்கு இரண்டு வாரம். பன்னிரண்டு முளைத்தால் நெருக்கமாக ஊன்றினால் போதும். நான்குதான் என்றால் சேமிக்காதீர்கள், எல்லாவற்றையும் இந்தப் போகமே போட்டுப் புது விதை எடுங்கள்.

கறிவேப்பிலைக்கு வருகிறேன். அதை உலர்த்தவே கூடாது. ரப்பர் விதை பொறுக்கி விளையாடாத தோட்டத்துப் பிள்ளை உண்டா? அந்த ரப்பர் விதையும் இதே சாதிதான்: காய்ந்தால் சாவு. 1876இல் விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கப்பலில் கொண்டுபோனார். முளைத்தவை மூவாயிரத்தைக்கூடத் தொடவில்லை. அந்த வம்சத்தில் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் ஒன்பது, உங்கள் ஊருக்குப் பக்கத்துக் கோலகங்சாரில் நடப்பட்டன. நீங்கள் வெட்டிய மரங்களின் கதையே, உலர்த்தி வைக்க முடியாத ஒரு விதையிலிருந்து தப்பிப் பிழைத்த சிலவற்றின் கதைதான். மா, பலா, ரம்புத்தான், டுரியான் எல்லாம் இந்த வகை. கறிவேப்பிலைப் பழம் கறுத்ததும் சதையைப் பிதுக்கிக் கழுவி, அந்த வாரமே மண்ணில் போடுங்கள்.

கடைசியாக அந்த 14 அவரை. இவற்றில் முளைப்புச் சோதனை வேண்டாம், சோதனைக்கே எல்லாம் போய்விடும். வறுத்த அரிசியிலும் வைக்க வேண்டாம். இனி அவை இருக்க வேண்டிய இடம் மண். ஏழு விதைகளை இப்போது ஊன்றுங்கள், மற்ற ஏழு விதைகளை ஒரு மாதம் கழித்து. ஒரு பெருமழையில் எல்லாம் அழுகிவிடக்கூடாது அல்லவா? முதல் நாள் ராத்திரி தட்டில் பரப்பித் திறந்து வையுங்கள். பழைய காய்ந்த அவரை சடக்கென்று தண்ணீரைக் குடித்தால் உள்ளே பருப்பு வெடிக்கும். நம் ஊர் ராத்திரிக் காற்று அதை மெதுவாக நனைத்துக்கொடுக்கும். இத்தனை நேரம் திட்டிய ஈரம் இந்த ஒரு வேலைக்கு உதவட்டும். மறுநாள் தொட்டியில், ஓர் அங்குல ஆழத்தில், தண்ணீர் தேங்காத மணற்பாங்கான மண்ணில் ஊன்றுங்கள். கொடி ஏறிக் காய்க்கத் தொடங்கியதும் முதல் கொத்துகளைப் பறித்துச் சாம்பாரில் போட்டுவிடாதீர்கள். நல்ல கொடியாகப் பார்த்துச் சிவப்புத் துணி கட்டி, நெற்றாகும்வரை வீட்டில் யாரையும் அந்தப் பக்கம் கூடையோடு விடாதீர்கள். எடுத்த விதையில் ஒரு பங்கை உங்கள் போத்தலில் வைத்துக்கொண்டு, இன்னொரு பங்கை வேறு ஊரில் இருக்கும் சொந்தக்காரர் யாரிடமாவது கொடுத்து வையுங்கள்.