ஃபயர்பிளேஸ் பேனல்ல விரிசல்

கேள்வி: வீட்டு ஃபயர்பிளேஸ்ல (குளிர்காய நெருப்பு மூட்டுற இடம்) உள்பக்கமா இருக்கிற சூடு தாங்குற பேனல்ல விரிசல் விட்டிருக்கு சார், சிமென்ட் பூசி அடைச்சுடலாமா, மாத்தியே ஆகணுமா?

பதில்: சாதா சிமென்ட் வேணவே வேணாம், அந்த சூட்டுக்கு உதிர்ந்துடும். மயிரிழை விரிசல்னா பயமில்ல, சூடாகி ஆறுறப்ப அது வரத்தான் செய்யும். ஆனா ஒரு காசோட விளிம்பு உள்ள போற அளவு பிளந்திருந்தாலோ, விரலால தேய்ச்சா மண்ணா கொட்டினாலோ, பின்னாடி தகரம் தெரிஞ்சாலோ நெருப்பே மூட்டாதீங்க, ஏன்னா அந்தத் தகரத்துக்கு அந்தாண்ட மரச்சட்டம் இருக்கலாம், சூடு அங்க போச்சுன்னா வீடே பத்திக்கும்ங்க. ஃபயர்பிளேஸ் உள்ள இருக்கிற பேர்த்தகட்டுல மாடல் நம்பர் பாத்து அதுக்குன்னே உள்ள பேனலை வாங்குங்க, அழகுக்காக தடிமனை மாத்திடாதீங்க. பெரும்பாலும் பக்கவாட்டு பேனல் ரெண்டையும் எடுத்தாதான் பின் பேனல் கழலும். புதுசு மாட்டினதும் முதல்ல சின்ன நெருப்பா போடுங்க, பேனலுக்குள்ள இருக்கிற ஈரம் மெதுவா காயட்டும்.