அழுகிறவரும் வாயடைத்துப் போனவரும்

கேள்வி: நாங்கள் கம்பத்தில் இருக்கிறோம். தினமும் விடியற்காலையில் ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறி, இடுக்கிப் பக்கத்து ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறேன். என் கணவர் ஜீப் ஓட்டுகிறார். 2020-இல் கொரோனாவுக்காகக் கேரள எல்லையை அடைத்தபோது இருவருக்கும் வேலை போனது. குழுவிலும் வெளியிலும் கடன் வாங்கினோம். மறு ஆண்டு அவருக்குக் கொரோனா வந்து, பிழைத்ததே பெரிது என்றானது. கடன் இன்னும் அடையவில்லை. எனக்குத் தூக்கம் இல்லை, நெஞ்சு படபடக்கிறது, காரணமில்லாமல் அழுகை வருகிறது. அவர் அழுவதில்லை, பேசுவதும் இல்லை. இரவில் குடிக்கிறார், சிறு சொல்லுக்கும் எரிந்து விழுகிறார். "அவன் தாங்கிக்கொண்டான், உனக்குத்தான் மனசு பலவீனம்" என்கிறார் மாமியார். அது உண்மையா?
– ஒரு வாசகி, கம்பம்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உண்மையில்லை. உங்கள் கடிதத்தில் நான் பார்ப்பது நொந்துபோன இரண்டு பேரை. ஒருவருடைய நோவு கண்ணீராக வெளியே தெரிகிறது, இன்னொருவருடையது கோபத்துக்கும் குடிக்கும் பின்னால் மறைந்திருக்கிறது. வீட்டில் அழுகிறவரை மட்டும் நோயாளி என்று வைத்துவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதனால் அழுகிறவருக்குப் பழியும், அழாதவருக்குக் கவனிப்பின்மையும் மிஞ்சுகின்றன என்பதே என் நெடுநாள் வருத்தம்.

நோய் மட்டும் வந்திருந்தால் கையிலிருந்த காசு தாங்கியிருக்கும், கடன் மட்டும் வந்திருந்தால் உடம்பு உழைத்து அடைத்திருக்கும். இரண்டும் சேர்ந்து வரும்போது ஒன்றுக்கான வழியை மற்றொன்று அடைத்துவிடுகிறது. கொரோனாவின் முதல் ஆண்டிலேயே பதற்றமும் மனச்சோர்வும் உலகெங்கும் சுமார் 25 விழுக்காடு கூடியதாக உலக சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில் தெரிவித்தது. 2020-இல் புதிதாகக் கூடிய மனச்சோர்வு நோயாளிகள் ஏறத்தாழ 5.3 கோடிப் பேர் என்று லான்செட் மருத்துவ இதழில் 2021-இல் வந்த கணக்கீடு சொல்கிறது, அவர்களில் 3.5 கோடிக்கும் மேற்பட்டோர் பெண்கள்.

இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு, பெண் மனம் இளகியது என்று முடிவு கட்டுவது தவறு. நீங்கள் பட்டதையே எண்ணிப் பாருங்கள். எல்லை அடைபட்ட அன்றே உங்கள் கூலி நின்றது, ஆனால் வீட்டு வேலை கூடியது. பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தன. நோயாளிக்குக் கஞ்சி வைத்து, காய்ச்சல் பார்த்து, தொற்று தனக்கும் வருமோ என்ற பயத்தோடு இரவெல்லாம் விழித்திருந்தது பெரும்பாலும் வீட்டுப் பெண்தான். குழுக் கடன் பெண்ணின் பெயரில் இருப்பதால், தவணை நாளன்று மற்ற பெண்கள் முன்னால் தலைகுனிய வேண்டியவரும் அவரே. 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி இடம் கொடுத்தது என்றாலும், அந்த மாதங்களுக்கும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. இத்தனையையும் சுமந்தவருக்குத் தூக்கம் போனதில் வியப்பில்லை.

இப்போது உங்கள் கணவர் பக்கம் வருகிறேன். 2021-இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்தவர்கள் 1,64,033 பேர். அவர்களில் 1,18,979 பேர் ஆண்கள். மொத்தத்தில் நாலில் ஒருவர் தினக்கூலி. மனச்சோர்வுக் கணக்கில் பெண்கள் அதிகம், இந்தக் கணக்கில் ஆண்கள் அதிகம். சம்பாதித்துப் போடுவதே ஆண்மை என்று வளர்க்கப்பட்டவர், வண்டி நின்றுபோன நாளில் தான் எதற்கும் உதவாதவன் என்று எண்ணத் தொடங்குகிறார். அதை வாய்விட்டுச் சொல்லவும் அவருக்குக் கற்றுத்தரப்படவில்லை. எரிச்சல், குடி, உடம்புவலி, பேச்சற்றுப் போவது ஆகியவையும் மனச்சோர்வின் அடையாளங்களாக இருக்கலாம்.

ஆகவே உங்களிடம் சில காரியங்களைக் கேட்டுக்கொள்கிறேன். வீட்டிலோ ஜீப்பிலோ தோட்டத்துப் பூச்சிமருந்து இருந்தால் இன்றே அப்புறப்படுத்துங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று அவரை நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது, பெரும்பாலும் அது ஆறுதலையே தரும். உங்களுக்கே அப்படி ஓர் எண்ணம் வந்தாலும் மறைக்காதீர்கள். தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரக்கூடும் என்பதால், மருத்துவர் துணையோடு நிறுத்துவதே நல்லது. அவர் எரிந்து விழுவது கை ஓங்குவதாக மாறினால் 181 என்ற எண்ணில் பெண்களுக்கான உதவி கிடைக்கும். அவருக்கு நோய் என்பதற்காக நீங்கள் அடி பொறுக்க வேண்டியதில்லை.

ஒருநாள் கூலியை விட்டு மருத்துவமனை போவது எவ்வளவு கடினம் என்று அறிவேன். அதுவரை அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416-ஐ எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். மலைக்கு இந்தப் பக்கமிருந்தும் அந்தப் பக்கமிருந்தும் தமிழிலேயே பேசலாம். நேரில் பார்க்க, க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். உங்கள் படபடப்புக்கு இரத்தசோகையோ தைராய்டோ காரணமா என்பதையும் அங்கே பரிசோதித்துவிடலாம். மாத்திரை கொடுத்தால் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், நடுவில் விட்டுவிடாதீர்கள்.

"உங்களுக்கு மனசு சரியில்லை" என்று அழைத்தால் அவர் வரமாட்டார் என்று நினைக்கிறேன். "எனக்குத் தூக்கமே வரலைங்க, தனியாப் போகப் பயமா இருக்கு, கூட வாங்க" என்று சொல்லிப் பாருங்கள். அது பொய்யும் அல்ல. உள்ளே போனதும் உங்கள் கதையைச் சொல்லிவிட்டு, "இவரும் சரியாத் தூங்கி ரொம்ப நாளாச்சு, டாக்டர்" என்று அவர் எதிரிலேயே சொல்லுங்கள்.